வைத்தியர் வாசலுக்கு எதிரே ஓர் இட்லிக் கடை

தனக்கொடிக்கு மறதி கிடையாது. அவளுடைய கல்யாணப் பந்தியில் அவள் தம்பியின் இலையைத் தாண்டிப் பரிமாறிக்கொண்டு போன ஒரு பெரியம்மாவின் வீட்டில், அதற்குப் பிறகு அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்தப் பெரியம்மா செத்தபோது போனாள், மாலை போட்டாள், மனதார அழுதாள், வெளியே வந்து தெருக்குழாயில் தண்ணீர் குடித்தாள். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வோம். பலராமன் வைத்தியர் எங்கள் தெருக்காரராக இருந்திருந்தால் அவளிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொண்டிருப்பார்.

அவளுடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. புருஷன் கண்ணையன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், அதிகம் பேசாத மனிதர். தனக்கொடி சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் தடிக்க ஆரம்பித்தது. முதலில் கொசு கடித்த மாதிரி ஒரு திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்துத் திட்டோடு சேர்ந்து முதுகு முழுக்கச் சிவந்து வீங்கும். காலையில் ஒன்றும் நடக்காதது போல் அடங்கிவிடும், மறுபடி சாயங்காலம் வேறு இடத்தில் கிளம்பும். எங்கள் பக்கத்தில் இதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்தார்கள். உதடு வீங்கிக்கொண்டு வேலைக்குப் போன நாளில், கூட வேலை செய்த பெண்கள் சாப்பிடும்போது தள்ளி உட்கார்ந்தார்கள். அரிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது தூக்கம் தள்ளியது.

அப்போதுதான் யாரோ பலராமன் வைத்தியரைப் பற்றிச் சொன்னார்கள். கோரிமேட்டில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கிட்டத்தில் அவருடைய வீடு. அங்கேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து அலுத்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கண்ணில் நேராகப் படும்படி ‘பரம்பரை ஆயுர்வேத வைத்தியசாலை’ என்று போர்டு. மொட்டைமாடியில் வேப்பம்பட்டையும் நன்னாரி வேரும் காயும். வாசலில் உரல் இருக்கும், யாராவது இடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு அவர் எடுத்துக்கொண்ட போட்டோவைச் சுவரில் மாட்டியிருந்தார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பித்தம் தலைக்கு ஏறியிருக்கிறது என்றார். ஒரு பொடி கொடுத்தார். மீன், கருவாடு, கத்திரிக்காய், தயிர் தொடக்கூடாது என்றார்.

பொடி போட்ட அன்றைக்கே அரிப்பு அடங்கியது. அந்த வாரத்தில் ஒரு திட்டுகூட இல்லை. தனக்கொடி அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். கம்பெனியில் தள்ளி உட்கார்ந்தவர்களில் இரண்டு பேரை அவளே அழைத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினாள்.

பத்தியத்தை அவள் எப்படிக் காத்தாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கண்ணையனுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அவருக்காக மணக்க மணக்கக் குழம்பு வைத்துவிட்டு, தான் மிளகு ரசம் ஊற்றிச் சாப்பிடுவாள். குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட நாக்கில் வைக்கமாட்டாள், பக்கத்து வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்வாள். இப்படி இரண்டு வருஷம்.

அதற்குள் அவள் முகம் உருண்டையாகிவிட்டது. பூசினாற்போல் ஆகிவிட்டாய், வைத்தியர் மருந்து உடம்பில் ஒட்டுகிறது என்று சொன்னோம். நானும் சொன்னேன். பிறகு கழுத்தும் வயிறும் பெருத்தன, கைகால்கள் மெலிந்தன. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. எந்நேரமும் தாகம். ஊருக்குப் போன இடத்தில் பொடி தீர்ந்துபோனால், அடுத்த நாளே தடிப்பு கிளம்பி, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்துவிடுவாள். பார்த்தீர்களா, மருந்தை விட்டால் இப்படி ஆகிறது என்று அவளே வைத்தியருக்குப் பரிந்து பேசினாள். கடைசியில் இடுப்பில் வலி வந்தது. இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள் வேலையில் பெட்டியைத் தூக்கும்போது இடதுகால் மடிந்து விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். நாட்டு மருந்து என்று சொல்லத் தயங்கி ஒன்றுமில்லை என்றாள். அந்த டாக்டர் அவள் முகத்தையும் வயிற்றில் இருந்த சிவந்த கோடுகளையும் காட்டி, இது ஸ்டீராய்டு மாத்திரை வருஷக்கணக்கில் தின்றவருக்கு வருவது என்று விளக்கினார். கண்ணையன் வீட்டுக்குப் போய்ப் பொடியை எடுத்துவந்து கொடுத்தார், அதில் ஸ்டீராய்டுதான் கலந்திருந்தது. இடுப்பெலும்பின் தலை இரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போயிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. இனி நின்று வேலை செய்ய முடியாது, நடையும் பழையபடி வராது. இருந்தாலும் அந்தப் பொடியை உடனே நிறுத்தக்கூடாது, உடம்பு தாங்காது என்று சொல்லி, அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

நடக்க முடிந்ததும் தனக்கொடி புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு பலராமன் வீட்டுக்குப் போனாள். பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொடியில் என்ன கலந்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பலராமன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“இதுங்களுக்கு மருந்து குடுக்கறதே பாவம். கருவாடு தின்னுட்டு வந்து வைத்தியன கேள்வி கேக்குதுங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனக்கொடி கண்ணையன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாம் நாள் கண்ணையனிடம் சொன்னாள்.

“கால் போனதகூட தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா உட்டுருப்பேன். என் நாக்க திருடின்னு சொல்லிட்டான். இவன உட மாட்டேன்.”

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பலராமன் அந்தப் பொடி தன்னுடையதே இல்லை, யார் கொடுத்ததோ என்று சொல்லிவிட்டார். ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் மாத்திரையின் அளவு குறையக் குறைய, அடங்கிக் கிடந்த காணாக்கடி பழையதைவிட மூர்க்கமாகத் திரும்பியது. முத்தியால்பேட்டையில் பூர்ணிமா என்று ஓர் ஆயுர்வேத டாக்டர் இருக்கிறார், முறையாகக் கல்லூரியில் படித்தவர் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கண்ணையன் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. தனக்கொடிதான் போகலாம் என்றாள். ஒன்று, அரிப்பு தாங்கவில்லை. இன்னொன்று, ஆயுர்வேதம் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தன்னை ஏமாற்றினான் என்றால், நிஜமான ஆயுர்வேதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

டாக்டர் பூர்ணிமாவுக்கு நாற்பது வயது இருக்கும். தனக்கொடி முதல் நாள் அவரிடம் வைத்த நிபந்தனையைக் கேட்டால் யாராவது வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். மருந்தைத் தன் கண்ணெதிரில் இடிக்க வேண்டும், முதலில் டாக்டர் தின்று காட்ட வேண்டும். டாக்டர் மஞ்சளையும் நெல்லிமுள்ளியையும் எடுத்து வைத்து, அவள் எதிரிலேயே இடித்துச் சலித்து, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். பலராமன் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. இப்படிப்பட்டவர்களால் நாங்கள் எது கொடுத்தாலும் ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றார்.

அவர் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரியில் குறைத்துக்கொண்டு வருகிற மாத்திரையை அவர்கள் சொல்கிறபடியே குறைக்கட்டும், அதில் தான் கைவைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சர்க்கரை இருந்ததால் இனிப்புச் சேரும் லேகியம் எதுவும் தரவில்லை. சீந்தில்கொடிக் கஷாயம், மஞ்சளும் நெல்லியும் சேர்த்த பொடி, குளிக்க வேப்பம்பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பல மாதம் கழித்து, உடம்பில் தெம்பு வந்த பிறகுதான் பெரிய வைத்தியத்தைத் தொடங்கினார். காலையில் வெறும்வயிற்றில் கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நெய், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. குமட்டிக்கொண்டு வந்தாலும் தனக்கொடி வெந்நீரைக் குடித்துவிட்டு உள்ளே தள்ளினாள். பிறகு எண்ணெய் தேய்த்து வேது பிடித்து, பேதிக்குக் கொடுத்தார்கள். பேதி நின்ற பிறகு முதலில் கஞ்சித்தண்ணீர், அப்புறம் நொய்க்கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. வாரத்துக்கு ஒருமுறை தடிப்பு, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று மெல்லக் குறைந்தது. பலராமன் பொடியைப் போட்ட அன்றைக்கே அடங்கியதை நினைத்து, இவ்வளவு மெதுவாக ஆறுவதுதான் இது மருந்து என்பதற்கு அடையாளம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. கோபமும் பித்தத்தைக் கிளப்பும், அந்த ஆளை நினைப்பதை விடு என்று டாக்டர் சொன்னார்.

“சாப்பாட்டுல எத வேணும்னாலும் உடச் சொல்லுங்க டாக்டரம்மா, உட்டுர்றேன்,” என்றாள் தனக்கொடி. “இத மட்டும் கேக்காதீங்க. இது இருக்கறதாலதான் நான் காலைல எழுந்திருக்கிறேன்.”

கம்பெனி வேலை போய்விட்டதால் அவள் ஒரு இட்லிக் கடை போட்டாள். புதுச்சேரியில் எத்தனையோ இடம் இருக்க, முதலியார்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, கோரிமேட்டில் பலராமன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரில், புளியமரத்தடியில் அடுப்பை வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்களால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. பலராமன் கதவைத் திறந்தால் தனக்கொடி முகத்தில்தான் விழிக்க வேண்டும். முதல் நாள் அவர் முறைத்தார். பிறகு ஆள் விட்டு மிரட்டினார். அவள் இட்லி சுட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பலராமன் வீட்டில் வேலை செய்த சின்னப்பாப்பா என்ற பெண் காலையில் குப்பையைப் பின்பக்கத்துக் காலிமனையில் கொட்டிவிட்டு வந்து இட்லி சாப்பிடுவாள். அவளிடம் தனக்கொடி எதையும் கேட்கவில்லை. அவள் கொட்டிய குப்பையை மட்டும் கிளறிப் பார்த்தாள். வெற்றிலைக் காம்பு, சாம்பல், இவற்றுக்கு நடுவில் மாத்திரை பிதுக்கி எடுத்த வெறும் அட்டைகள். எல்லா அட்டையிலும் ஒரே பெயர். டாக்டர் பூர்ணிமாவிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதே ஸ்டீராய்டுதான். அன்றிலிருந்து தினம் காலையில் நொண்டிக்கொண்டே அந்த மனைக்குப் போய் அட்டைகளைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்துச் சாக்கில் போட்டாள். மழையிலும் போனாள். நாய் துரத்திய நாளிலும் போனாள்.

சாக்கு நிறைகிற சமயத்தில் டாக்டர் ஒரு எச்சரிக்கை சொன்னார். அந்தப் பொடி தின்கிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, முதலில் அதை அவர்களுக்குச் சொல் என்றார். தனக்கொடி தலையாட்டினாள். ஆனால் அவள் மனதில் இருந்ததெல்லாம் அந்தப் பெஞ்சும், அதில் எழுந்த சிரிப்பும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், சாக்கை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போய்ப் பலராமனின் காலடியில் கொட்டினாள். வெள்ளி வெள்ளியாக அட்டைகள் உரலைச் சுற்றி மலைபோல் குவிந்தன. இதுதான் நீங்கள் தின்கிற மூலிகை, நிறுத்துங்கள் என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். பலராமன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்கள் அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், கத்தினார்கள், உரலைக் கவிழ்த்தார்கள். அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் யாரிடமும் காசு வாங்காமல் இட்லி கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் அம்மாவாசை என்ற ஆட்டோக்காரர் ஒருவர். அவருக்கும் காணாக்கடிதான். கையிலிருந்த பொட்டலங்களை எல்லாம் அன்றே சாக்கடையில் வீசிவிட்டார். சில நாளில் வாந்தி எடுத்து, ஆட்டோவிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பலராமன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்தார். திரும்பி வந்து, என் மருந்தை நிறுத்தியவன் கதியைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். பெஞ்சு மறுபடி நிறைந்தது.

தனக்கொடி வார்டுக்குப் போனாள். அம்மாவாசை பிழைத்துவிட்டார், ஆனால் குரல் எழும்பவில்லை.

“யக்கா, நிறுத்துன்னு சொன்ன,” என்றார். “எப்படி நிறுத்தணும்னு சொல்லலியே.”

அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. அன்று சாயங்காலம் டாக்டர் பூர்ணிமா அவளைத் திட்டிய திட்டு தெருவரை கேட்டது என்பார்கள். அவள் உடம்பும் சும்மா இல்லை. கழுத்திலிருந்து தொடைவரை ஒரே இரவில் தடித்து வீங்கியது. ஆனாலும் அவள் பலராமனை விடுவதாக இல்லை. எப்படி விடாமல் பிடிப்பது என்பதைத்தான் மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் சத்தம் போடவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பலராமன் வீட்டை விசாரிக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். தன் பழைய போட்டோவைக் காட்டுவாள், எழுந்து நாலு அடி நடந்து காட்டுவாள். ஏற்கெனவே பொடி தின்கிறவர்களிடம், இன்றைய வேளையையும் போட்டுக்கொள், ஆனால் அந்தப் பொட்டலத்தோடு இப்போதே ஆஸ்பத்திரிக்கு வா என்பாள். அம்மாவாசை குணமானதும் தன் ஆட்டோவில் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே மாத்திரையைக் குறைப்பார்கள். குறைந்த பிறகும் தடிப்பு வந்தவர்களை, அரிப்பு நிற்காதவர்களை, பூர்ணிமாவிடம் அனுப்பினாள். எல்லோருக்கும் குணமாகவில்லை, பாதிப் பேருக்கு மேல் ஆனது. பலராமனின் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு ஆளாக எழுந்து போவதை அவள் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். அதில் அவளுக்கு இருந்த ருசி வேறு எதிலும் இல்லை என்று என்னிடமே சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்களின் பேச்சு அதிகாரிகள் காதுக்கு எட்டியது. புதுச்சேரி போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் பலராமன் வீட்டைக் காலி செய்தார். சாலையில் கொஞ்சதூரம் தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓர் ஓட்டு வீட்டில் அதே போர்டை மாட்டினார். இது எங்கள் எல்லை இல்லை என்று இந்தப் பக்கத்துப் போலீஸ் திரும்பிவிட்டது. கண்ணையன், போதும், ஊரைவிட்டே ஓட வைத்துவிட்டாய், இனி வீட்டில் இரு என்று கெஞ்சினார். தனக்கொடி அடுப்பையும் இட்லிச் சட்டியையும் அம்மாவாசை ஆட்டோவில் ஏற்றினாள்.

“எல்லையெல்லாம் போலீசுக்குத்தான்,” என்றாள். “இட்லிக்கு இன்னா எல்லை?”

புதிய வீட்டுக்கு எதிரில் நிழல்கூட இல்லை. ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். அங்கே பெஞ்சு நிறையவே இல்லை. இரண்டாயிரத்து எட்டில் தமிழ்நாட்டு மருந்து ஆய்வாளர்கள் வந்து, அரிசி டின்களில் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளை அள்ளிக்கொண்டு பலராமனையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் கிளம்புகிறவரை அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்து பார்க்க அவளுக்கு மனமில்லை.

ஜாமீனில் வந்த பிறகு அவர் ஆள் அனுப்பினார். கோயிலில் வைத்து மன்னிப்புக் கேட்கிறேன், சாட்சி சொல்லாமல் விட்டுவிடு என்று. கேட்க அவர் வரலாம், கொடுக்க நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரம் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போனாள். சாட்சிக்குக் கூப்பிடாத நாளிலும் போய், அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஒருநாள் கோர்ட் வராந்தாவில் பலராமனே அவள் எதிரில் வந்து நின்றார். தாடி நரைத்திருந்தது.

“இன்னும் இன்னாம்மா வேணும் உனக்கு?”

“என் இடுப்பு,” என்றாள் தனக்கொடி.

அவர் நகர்ந்து போனார்.

தீர்ப்பில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. கண்ணையன் தெருவுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். தனக்கொடிக்குக் காணாக்கடி இப்போது மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, நடைதான் திரும்பவில்லை. கோபத்தை விடாமலே நோயை இவ்வளவு அடக்கிய ஒரே ஆள் நீதான் என்று டாக்டர் பூர்ணிமா அவளிடம் சொல்லிச் சிரிப்பாராம். திருப்திதானே என்று நான் கேட்டேன். பாதிதான் என்றாள். பலராமன் சென்னை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்திருக்கிறார் என்ற செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. சென்னைக்கு எந்த பஸ்ஸில் போனால் கோர்ட் திறக்கும் முன்னால் போய்ச் சேரலாம் என்று அவள் அம்மாவாசையிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.